அப்பாவிடம் வாங்கிய அந்த அடி... ராமேஸ்வரம் கலாம் வீட்டுக்கு ஒரு நடை!

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடித்து வெளியே வரும் குடும்பங்களில் பலர் அடுத்துக் கேட்பது, "கலாம் வீடு எந்தப் பக்கம்?" என்பதுதான். ஆட்டோ தேவையில்லை. பள்ளிவாசல் தெருவுக்குப் பத்து நிமிட நடை.

இப்போது அங்கே இருப்பது, மாடிகள் எழுப்பி மாற்றிக் கட்டிய வீடு. படியேறினால் புகைப்படங்களும் விருதுகளும். பிள்ளைகள் ஏவுகணைப் படங்களின் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். ஆனால் இந்த வீட்டின் முக்கியமான கதை ஏவுகணையைப் பற்றியதல்ல, ஒரு வெள்ளித் தட்டைப் பற்றியது.

கலாமின் அப்பா ஜைனுலாப்தீன் பெரிய படிப்பு படித்தவர் அல்லர், வசதியும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தொழுகை. பிறகு நாலு மைல் தள்ளியிருந்த தென்னந்தோப்புக்கு நடை. பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்பிய பிறகுதான் காலைச் சாப்பாடு. அறுபது வயதைத் தாண்டியும் அந்த வழக்கம் மாறவில்லை. கோயில் அர்ச்சகரான பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருக்கு நெருங்கிய நண்பர்.

நாடு விடுதலை பெற்ற 1947-ல் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது ஒருநாள் வீட்டுக்கு யாரோ வந்தார். அப்பா தொழுகைக்குப் போயிருந்தார், அம்மா ஆஷியம்மாவும் தொழுகையில். பாடம் படித்துக்கொண்டிருந்த கலாம், கொண்டுவந்ததைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வெள்ளித் தட்டில் வேட்டி, அங்கவஸ்திரம், பழம், இனிப்பு. திரும்பி வந்த அப்பா அதைப் பார்த்ததும் மகனை அடித்துவிட்டார். அவரிடம் கலாம் வாங்கிய முதல் அடி அது.

பிறகு தோளில் கைவைத்துச் சொன்னார்: தன் அனுமதி இல்லாமல் எந்தப் பரிசையும் வாங்கக் கூடாது; பதவியில் இருப்பவரைத் தேடி வரும் பரிசுக்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கும்; அதைத் தொடுவது பாம்பைத் தொடுவது மாதிரி.

பதினைந்து பதினாறு வயதுப் பையனுக்கு அடி வலித்திருக்கும். அறிவுரை? அந்த வயதில் நமக்கெல்லாம் யார் வெள்ளித் தட்டு கொண்டுவருகிறார்கள்? பெற்றோர் சொல்வது பல சமயம் இப்படித்தான். சொல் இன்றைக்கு வந்துவிடும், அதற்கான வேலை வருவதற்குள் முடி நரைத்துவிடும். தன் வாழ்நாள் பாடம் என்று கலாம் இந்தச் சம்பவத்தை மேடைகளில் சொன்னதும் பெரிய பொறுப்புகளைப் பார்த்த பிறகுதான்.

அப்பா 1976-ல் மறைந்துவிட்டார். மகன் குடியரசுத் தலைவரானது 2002-ல், 70 வயதில். இனி எந்தத் தட்டை வாங்கினாலும் கண்டிக்க வீட்டில் பெரியவர் இல்லை.

2006 மே மாதம், இதே ராமேஸ்வரத்திலிருந்து உறவினர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் டெல்லிக்குப் போனார்கள். தொண்ணூறை நெருங்கிய அண்ணன் முதல் கைக்குழந்தை வரை. குடியரசுத் தலைவர் மாளிகையில்தான் தங்கினார்கள். ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க அரசு வாகனம் தரவில்லை, வாடகைப் பேருந்துதான். அறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் கணக்குப் போடச் சொல்லி, சுமார் மூன்றரை லட்சம் ரூபாயைத் தன் கையிலிருந்து கட்டினார் கலாம். சொந்த அண்ணன் குடிக்கும் தேநீருக்குமா கணக்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தக் கட்டில் கதை தெரிந்தவர்களுக்குத் தோன்றாது.

ராமேஸ்வரம் போகிறவர்கள் பேக்கரும்பு நினைவிடத்தையும் விட்டுவிட வேண்டாம். 2015-ல் கலாம் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. நினைவிடம் 2017 ஜூலை 27-ல் திறக்கப்பட்டது. வண்டியில் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு கதையும் இருக்கிறது.

2014-ல் ஈரோட்டில் ஒரு விழா. அப்போது கலாம் பதவியில் இல்லை. நிகழ்ச்சிக்கு உதவிய நிறுவனம் ஒரு வெட் கிரைண்டரைப் பரிசாகக் கொடுத்தது. இட்லிக்கு மாவு அரைக்கும் ஒரு பொருள், யார்தான் வேண்டாம் என்பார்கள்? கலாம் அதன் விலையாக 4,850 ரூபாய்க்குக் காசோலை அனுப்பினார். அவர் கையெழுத்திட்டதாயிற்றே என்று நிறுவனத்தார் அதை வங்கியில் போடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். கணக்கில் பணம் குறையாததைக் கவனித்த கலாம் தரப்பிலிருந்து தொலைபேசி வந்தது. காசோலையைப் போடுங்கள், இல்லையென்றால் கிரைண்டர் திரும்பி வந்துவிடும்.

நகல் எடுத்து வைத்துக்கொண்டு, காசோலையை வங்கியில் போட்டார்கள்.