உறைந்த ஏரியில் ஒரு கூடாரம்

ஏரியின்மேல் நடந்து சென்று, அதன் நடுவே கூடாரம் அடித்து, கூடாரத்தின் தரையைத் துளைத்து மீன் பிடிக்கும் மக்கள் உலகில் இருக்கின்றனர் என்று என் இளமைப் பருவத்தில் யாரேனும் கூறியிருப்பின், பொழுது போகாதவன் கட்டிய கதை என்றே எண்ணியிருப்பேன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட எல்லையில் கனடாவை ஒட்டிக் கிடக்கும் மின்னசோட்டா மாநிலத்தில், பங்கு ஒன்றின் உதவிப் பணிக்காகக் குளிர்காலம் முழுதும் தங்க நேர்ந்தபோது, அக்காட்சியை என் கண்களாலேயே கண்டேன். கண்டதோடு நில்லாமல், அத்தகைய கூடாரம் ஒன்றைக் காற்றில் பறக்கவிட்ட பெருமையும் எனக்கு உண்டு.

மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவில் மில் லாக்ஸ் என்னும் ஏரி இருக்கின்றது. பிரெஞ்சு மொழியில் இப்பெயருக்கு ‘ஆயிரம் ஏரிகள்’ என்று பொருள். அம்மண்ணின் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களோ அதனைத் தம் மொழியில் ‘பெரிய ஏரி’ என்றே அழைக்கின்றனர். ஒஜிப்வே மக்களின் பெயரே பொருத்தமானது என்பேன். ஏனெனில் 200 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்புடைய ஒரே நீர்நிலை அது. ஆயினும் ஆழம் மிகக் குறைவு. மிக ஆழமான இடத்திலும் 42 அடி அளவுதான். பெரியதொரு தாம்பாளத்தில் நீரை ஊற்றி வைத்தாற்போன்ற அமைப்பு. குளிர்காலத்தில் இத்தாம்பாளம் முழுவதும் உறைந்து வெண்தரையாகி விடுகின்றது. அத்தரைமீது ஒரு மரம் இல்லை, ஒரு மேடு இல்லை. வடமேற்கிலிருந்து புறப்படும் காற்று தடுப்பார் எவருமின்றிப் பல மைல் ஓடி வந்து நம்மேல் மோதுகின்றது.

சனவரி மாதத்தின் நடுவே ஒரு நாள், எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் தம் பேரனுடன் என்னையும் அழைத்துச் சென்றார். அவர் வாழ்நாளெல்லாம் தச்சுத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். பேரனுக்கு 12 வயது. அவன் இருவருக்கும் சேர்த்துப் பேசுபவன். ஏரியின் மேற்குக் கரையில் கேரிசன் என்னும் சிற்றூருக்கு அருகே பனித்தளத்தின்மேல் கால் வைத்தோம். நுனி கூரிய இரும்புக் கோலால் தட்டித் தட்டி ஓசையைக் கேட்டவாறே பெரியவர் முன் நடந்தார். புதிதாய் உறைந்த தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் மனிதர் நடக்கலாம். சிறிய காருக்கு 9 அல்லது 10 அங்குலம் வேண்டும் என்பது அம்மாநில இயற்கைவளத் துறையின் அறிவுரை. வெண்மையாய் உறைந்த பனிக்கட்டிக்குப் பாதி வலிமைதான் உண்டு. ஆதலால் அதற்கு இருமடங்குத் தடிமன் தேவை. அன்று நாங்கள் துளைத்த இடத்தில் 14 அங்குலம் இருந்தது. எனினும் பெரியவர் இறுதிவரை தட்டுவதை நிறுத்தவில்லை.

கரையிலிருந்து சற்றுத் தொலைவில் பனித்தளத்தில் நீண்ட வெடிப்பு ஒன்று குறுக்கிட்டது. உள்ளே கருநீர் தெரிந்தது. அதன்மேல் பலகைப் பாலம் ஒன்று இடப்பட்டிருந்தது. கரையோர விடுதிக்காரர்கள் இத்தகைய பாலங்களை இட்டும் பனிமேல் சாலை அமைத்தும் கட்டணம் பெற்றுக்கொள்கின்றனர். பெரியவர் பாலத்தைக் கடந்ததும் நின்று, பலகையின் முனை பனியில் எவ்வளவு படிந்திருக்கின்றது என்று தம் காலணியால் அளந்து பார்த்தார். இரண்டு காலணி நீளம். எதற்கு இந்த அளவு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஏரிமேல் ஒரு சிற்றூரே குடியேறியிருந்தது. கட்டில், அடுப்பு முதலியவை கொண்ட சக்கர வீடுகளும் மரக்கொட்டகைகளும் ஆங்காங்கே நின்றன. நாங்கள் கொண்டு சென்றதோ மடித்துத் தூக்கும் கூடாரம். முற்காலத்தில் கொட்டகை வைத்த இடத்திலேயே மீன் வரும்வரை காத்திருப்பது வழக்கமாம். 1980-ஐ ஒட்டி டேவ் ஜென்ஸ் என்னும் மின்னசோட்டாக்காரர் சறுக்குவண்டியோடு இணைந்த மடிப்புக் கூடாரத்தை அமைத்து, மீன் இருக்கும் இடத்தைத் தேடி நகரும் முறையைப் பரப்பினார். அதன் பின் வந்த வகைகளுள் ஒன்றே எங்களுடையது. நான்கு துணிச்சுவர், ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு குமிழ், அக்குமிழிலிருந்து மூலைகளுக்கு ஓடும் வளையும் கம்பிகள். குமிழை வெளிப்பக்கம் இழுத்தால் குடை விரிவது போலச் சுவர் விறைத்து நிற்கும். சுமப்பதற்கு எளிது. சுமப்பதற்கு எளிதான எதையும் காற்றும் எளிதாகச் சுமக்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பெரியவர் கூடாரத்தைப் பனிமேல் கிடத்தி, “ஃபாதர், இதன் ஓரத்தை மிதித்துக்கொண்டு நில்லுங்கள். நான் திருகாணிகளை எடுத்து வருகிறேன்” என்று கூறிச் சறுக்குவண்டியை நோக்கிச் சென்றார். நானோ உதவி செய்யும் ஆர்வத்தில் குனிந்து ஒரு குமிழை இழுத்துவிட்டேன். சுவர் ‘படார்’ என விரிந்தது. மறுகணம் என் காலடியிலிருந்து துணி உருவப்பட்டது. நான் மல்லாந்து கிடந்தேன். கூடாரம் உருண்டும் துள்ளியும் தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தது. சிறுவன் கூவிக்கொண்டே பின்னால் ஓடினான். அரை மைலுக்கு அப்பால் எவருடைய கொட்டகையிலோ மோதி அது நின்றது. உள்ளிருந்து வெளிவந்த மனிதர் சினம் கொள்ளவில்லை. “இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது” என்று கூறிக் கயிற்றை எங்கள் கையில் கொடுத்தார். ஒரு கம்பி ஒடிந்திருந்தது. பெரியவர் அதற்கு ஒரு மரச்சிம்பு வைத்துக் கட்டினார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இரண்டாம் முறை நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவர் செய்ததைக் கவனித்தேன். முதலில் கையுறையைக் கழற்றிக் காற்றின் திசையை உறுதி செய்துகொண்டார். கூடாரத்தின் ஒரு மூலை, கப்பலின் அணியம் போல, காற்றைப் பிளந்து நிற்குமாறு அதனைக் கிடத்தினார். அவ்விடத்தில் இளம்பனியை அகற்றிக் கெட்டியான பனிக்கட்டி தெரிந்த பின், கண்ணுள்ள நீண்ட எஃகுத் திருகாணி ஒன்றைச் சற்றுச் சாய்த்து முறுக்கி இறக்கினார். ஒரு சுவரும் விரியாத நிலையிலேயே அந்த மூலை கட்டப்பட்டுவிட்டது. அதன் பின்னரே காற்றை எதிர்கொண்ட இரு சுவர்களையும் இழுத்து, அவற்றின் மறுமுனைகளிலும் திருகாணி இட்டார். பின்சுவர்கள் கடைசியாக விரிந்தன. வாயில் காற்று மறைவுப் பக்கம் அமைந்தது. காற்று முகத்தில் வாயிலைத் திறந்தால் கூடாரம் பலூனைப் போல் ஊதிக்கொள்ளும். மூலைகளுக்கு 4 திருகாணி, குமிழ்களிலிருந்து சாய்வாக ஓடும் இழுகயிறுகளுக்கு 4, ஆக 8.

இழுகயிறு எதற்கு என்று கேட்டேன். சிறுவன் குமிழை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளிக் காட்டினான். காற்று வலுத்தால் குமிழ் உட்பக்கம் கவிழ்ந்து, சுவர் மடங்கி, கம்பி முறியும். மழைக்காலத்தில் நம் குடைக்கு நேர்வதே அது. நான் மனக்கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது விதி. மணிக்கு 20 மைல் வேகக் காற்று நேராக மோதும்போது சதுர அடிக்கு ஏறத்தாழ 1 பவுண்டு அழுத்தம் கொடுக்கும். 6 அடிக்கு 6 அடி சுவரில் அது 16 கிலோ. ஒரு சிறுவன் சாய்ந்து நிற்பதற்கு ஒப்பு. காற்று 40 மைலானால் அதே சுவரில் 65 கிலோ. நான் முழு எடையோடு சாய்வதற்கு ஒப்பு. என் எடை என்ன என்று பேரன் உடனே கேட்டான். பதில் கூறவில்லை.

கூடாரத்தின் அடியில் தரைமீது படியும் துணி விளிம்பை அங்குள்ளோர் பாவாடை என்றே அழைக்கின்றனர். அதன்மேல் பனியை வாரிக் குவித்தால் கீழ்வழியே காற்று நுழையாது. ஈரப்பனியைக் குவித்தலாகாது, அது உறைந்து பிடித்துக்கொண்டால் புறப்படும்போது துணி கிழியும். திருகாணிகளின் தலையையும் பனியால் மூடினார். வெயில் பட்டால் எஃகு சூடேறிச் சுற்றியுள்ள பனியை உருக்கும், திருகு இளகும். திருகாணியை மறந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்றேன். பனித்தளத்தில் துளையிட்டு, கயிறு கட்டிய ஒரு குச்சியை உள்ளே விட்டால், குச்சி அடியில் குறுக்கே படிந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் என்றார். அன்றி, அரைத் துளையில் முடிச்சிட்ட கயிற்றை இறக்கி நீர் ஊற்றினாலும் போதும். குளிரே அதனைப் பூட்டிவிடும். அந்நாட்டில் குளிரைப் பகைவனாகவும் பணியாளனாகவும் ஒருங்கே வைத்திருக்கின்றனர்.

உள்ளே அமர்ந்ததும் உலகமே மாறியது. வெளியே வெப்பமானி பூச்சியத்திற்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸ் காட்டியது. 20 மைல் காற்றில் அது தோலுக்குப் பூச்சியத்திற்குக் கீழ் 30 டிகிரி போல் உறைக்கும். உள்ளே ஒரு சிறு எரிவாயு அடுப்பு மேலங்கியைக் கழற்றச் செய்தது. ஆனால் பெரியவர் கூடாரத்தின் மேற்புறச் சாளரம் ஒன்றையும், மறைவுப் பக்கத்தில் பாவாடையின் ஒரு முழ நீளத்தையும் திறந்தே வைத்தார். நான் மூட எழுந்தபோது, முதன்முறையாகக் குரலை உயர்த்தி, “வேண்டாம் ஃபாதர்” என்றார். அடைத்த கூடாரத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடைச் சேர்க்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவது போலவே உயிர் போகும். இவ்வளவு பாடுபட்டுக் காற்றை வெளியே நிறுத்திவிட்டு, மீண்டும் சிறிது காற்றை உள்ளே அழைக்க வேண்டியிருக்கின்றது.

துறப்பணத்தால் இட்ட இரண்டு துளைகள் எங்கள் காலடியில் கரும்பச்சைக் கண்களாய் விழித்திருந்தன. துளையின் அகலத்திற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. நாங்கள் நாடியது ‘வால்ஐ’ என்னும் மீன். நம் வாளை மீனுக்கும் இதற்கும் உறவில்லை. இருளில் ஒளியைத் திருப்பி எறியும் கண் உடையது; ஆதலால் அந்தி மயங்கும் வேளையில்தான் நன்றாக இரை தேடும். பகலெல்லாம் அகப்பட்டவை இரண்டே. சிறுவன் பொறுமையோடு காத்திருந்தான். “நான்கரை மணிக்குப் பாருங்கள், ஃபாதர்” என்று பலமுறை கூறினான்.

மூன்றரை மணிக்குச் சுவர்கள் முனகத் தொடங்கின. இழுகயிறுகள் யாழ் நரம்பு போல் ஒலித்தன. பனித்தளத்தின் அடியிலிருந்து இடியோசை போன்ற நீண்ட முழக்கம் ஒன்று எழுந்து மறைந்தது. உறைந்த ஏரிகளில் அவ்வோசை புதிதன்று. கூடாரமோ ஒரு விரல் அளவும் நகரவில்லை. எட்டுத் திருகாணிகளும் மலைபோல் நின்றன. நான் அவருடைய வேலையை வியந்து பாராட்டினேன். பெரியவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“கூடாரம் பனிக்கட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஃபாதர். பனிக்கட்டி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?” என்றார்.

நாங்கள் இருந்ததோ மேற்குக் கரை. காற்றோ வடமேற்கிலிருந்து வந்தது. அதாவது, கூடாரத்தைத் தள்ளும் அதே காற்று, நாங்கள் நிற்கும் பனித்தளத்தையே கரையிலிருந்து விலக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தப் பலகைப் பாலம் என் நினைவுக்கு வந்தது. 2009 பிப்ரவரியில் ஒகாயோ மாநிலத்தை ஒட்டிய ஈரி ஏரியில் இவ்வாறே நிகழ்ந்தது. வெடிப்பின்மேல் மரப்பலகைகளை இட்டுக் கடந்து சென்றவர்களைக் காற்று ஏமாற்றியது. வெடிப்பு அகன்று, பெரும் பனித்தட்டு கரையை விட்டு விலகியது. 134 பேர் சிக்கிக்கொண்டனர், ஒருவர் உயிரிழந்தார். மின்னசோட்டாவிலேயே மேல் ரெட் ஏரியில் 2022 நவம்பரில் ஏறத்தாழ 200 பேரையும், 2023 டிசம்பரில் 100-க்கும் மேற்பட்டோரையும் விலகிச் சென்ற பனித்தட்டுகளிலிருந்து மீட்க வேண்டியதாயிற்று. அவர்களுள் எத்தனை பேருடைய கூடாரம் நன்றாகக் கட்டப்பட்டிருந்ததோ!

சிறுவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “இன்னும் ஒரு மணி நேரம்தான், தாத்தா. இப்போதுதான் மீன் வரும்” என்றான். அவனது தூண்டில் அவ்வேளையில் மெய்யாகவே இழுபட்டது. மூன்றாவது மீன் ஏறியது. அது ஏறாமலிருந்தால் அவனை எழுப்புவது எளிதாயிருந்திருக்கும். பெரியவர் வாதாடவில்லை. அடுப்பை அணைத்தார்.

கூடாரத்தை இறக்குவது ஏற்றுவதற்கு நேர்மாறு. மறைவுப் பக்கச் சுவர்கள் முதலில் மடிந்தன. காற்றைப் பார்த்த மூலையின் திருகாணி கடைசிவரை இருந்தது. கூடாரம் சுருட்டிக் கட்டப்பட்ட பின்னரே அதனைக் கழற்றத் தொடங்கினார். அது உறைந்து பிடித்துக்கொண்டு வரவில்லை. காலத்தின் அருமை கருதி, அதனை விட்டுவிட்டுப் போவோம் என்றேன். இரவில் வண்டியோட்டி வருபவன் அதன்மேல் ஏறுவான் என்று கூறி, மண்டியிட்டுச் சிறு கோடரியால் சுற்றிலும் செதுக்கி எடுத்தார். சிறுவன் பையினுள் எண்ணினான்: எட்டு.

வெடிப்பை அடைந்தோம். கருநீர் காலையில் கண்டதைவிட அகன்றிருந்தது. அதன்மேல் சிற்றலை ஓடிற்று. பெரியவர் பலகையின் முனையில் காலணியை வைத்து அளந்தார். ஒரு காலணி நீளம்கூட இல்லை. ஒருவர் பின் ஒருவராக, முதலில் சிறுவன், பின் நான், இறுதியில் சறுக்குவண்டியை நீண்ட கயிற்றால் இழுத்தவாறு அவர் என்று கடந்தோம். கடந்த உடனே விடுதிக்காரருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். சிறிது நேரத்தில் ஏரிமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக அசைந்து கரையை நோக்கி வரத் தொடங்கின. கடைசி விளக்கு வந்து சேரும்வரை அவர் வண்டியில் ஏறவில்லை.

அன்றிரவு அவரது கொட்டகையில் கூடாரத்தை விரித்துத் தொங்கவிட்டோம். நனைந்தபடி மடித்து வைத்தால் துணி பூசணம் பிடிக்கும். சிறுவன் மூன்று மீன்களையும் சுத்தம் செய்தவாறு, நான்கரை மணிக்கு அகப்பட்டிருக்கக்கூடிய மீன்களின் எண்ணிக்கையை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மரச்சிம்பு வைத்துக் கட்டிய கம்பியிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.