நெஞ்சுக்குள் ஒரு வருகைப் பதிவேடு

2016 கோடையில் அவருக்கு வயது முப்பத்தைந்துதான். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர் மாவட்டத்தில், வீட்டுக்கும் அடிபம்புக்கும் நடுவே இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர முடிந்தது. பிழைப்புக்காகப் பக்கத்து மாநிலமான குஜராத்தின் கோத்ராவுக்குப் போன பில் ஆதிவாசிகளில் ஒருவர். அங்கே குவார்ட்ஸ் கல்லை அரைத்து மாவாக்கும் ஆலைகள்; கண்ணாடி செய்ய அந்த மாவு வேண்டும். மாவை மூட்டை பிடிப்பது அவர் வேலை. பாதுகாப்பு? மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு. சில மாதங்கள்தான். மழை விழுந்ததும் விதைக்க ஊர் திரும்பிவிட்டார்.

இருமல் பிறகு வந்தது. காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை விழுங்கினார். டாக்டர், பஸ், எக்ஸ்ரே என்று ஆடுகள் தீர்ந்தன, இருமல் தீரவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நோய்க்கும் கிட்டத்தட்ட ஒரே சாயல். 'என்ன வேலை பார்த்தாய்?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கத்தான் ஆளில்லை.

வந்திருந்தது சிலிகோசிஸ். துணிக்கு அகப்படாத சிலிக்கா தூள் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்விடுகிறது. அதை விழுங்க வரும் காவல் செல்கள் தாமே செத்து, துகளை மறுபடி கொட்டுகின்றன. அடுத்த செல் வருகிறது, அதுவும் சாகிறது. இந்தச் சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பு. பஞ்சாக விரிய வேண்டிய நுரையீரல் காய்ந்த தோலாக விறைக்கிறது. ஆலையை விட்டு வந்த பிறகும் உள்ளே இது நிற்பதில்லை. தழும்பை அழிக்க மருந்து கிடையாது. போதாக்குறைக்கு, அந்த நுரையீரலில் நிஜமான காசநோயும் சுலபமாகக் குடியேறும்.

நஷ்டஈடு என்ற பேச்சு வந்தபோது வேறொரு சிக்கல். கோத்ராவில் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி எங்கே? எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. சம்பளச் சீட்டை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. மத்தியப் பிரதேசத்திலிருந்து போய் இந்த நோயால் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரச் சொல்லி தேசிய மனித உரிமை ஆணையம் 2010-ல் சிபாரிசு செய்திருந்தது. குஜராத் அரசு அதைக் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2016 மே மாதத்தில். மூச்சுத் திணறுகிறவர்களின் கணக்கில் ஆறு ஆண்டு ரொம்ப நீளம்.

எக்ஸ்ரே படத்தைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கோத்ராவில் வேலை பார்த்ததற்கு அவரிடம் இருந்த ஒரே சான்று அதுதான். ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஊருக்குள் வந்த நாட்களில், தம்பி மகனைக் கூப்பிட்டு அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.