சதாசிவம் செய்தாரா?

கல்யாணமான பெண் வீட்டுக்குள் செத்துக் கிடந்தாள் என்று பேப்பரில் வந்தால் போதும், எங்க பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஐந்தே நிமிஷத்தில் விசாரணை முடிந்துவிடும். "புருஷங்காரன்தாம்ப்பா, வேற யாரு?" கிளாஸைக் கழுவி வைப்பதற்குள் தீர்ப்பும் வந்துவிடும். இதைச் சும்மா வாய்க்கு வந்த பேச்சு என்று தள்ளவும் முடியாது. 2023இல் உலகம் முழுக்கக் கொலையான பெண்களில் 60 சதவீதம் பேரைக் கொன்றது கணவன், காதலன் அல்லது சொந்தக் குடும்பத்து ஆள்தான் என்கிறது ஐ.நா. கணக்கு. போலீஸ் முதலில் கணவனைத் தேடுவதில் நியாயம் இருக்கு. ஆனால் தேட ஆரம்பிக்கும் இடத்திலேயே தேடுவதை முடித்துவிட்டால்?

இலங்கையில் நடந்த சதாசிவம் வழக்கைப் படித்ததிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

மகாதேவ சதாசிவம் தமிழர், பெரிய பேட்ஸ்மேன். 1947இல் நம்ம சேப்பாக்கத்தில் தென் மண்டலத்துக்கு எதிராக 215 அடித்தவர். 1948இல் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கைக்குக் கேப்டன். ஆட்டத்தைத் தாண்டினால் குடி, கொண்டாட்டம், வேறொரு பெண்ணோடு தொடர்பு. மனைவி விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டிருந்தார். 1951 அக்டோபர் 9ஆம் தேதி, பம்பலப்பிட்டியில் அவர்கள் வீட்டு கராஜில் அவர் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். நான்கு பெண் குழந்தைகளின் தாய்.

இவ்வளவு கேட்டதுமே நீங்களும் முடிவு பண்ணியிருப்பீங்க. கொழும்பும் அப்படித்தான் பண்ணியது.

அந்த வீட்டில் வில்லியம் என்று ஒரு வேலைக்காரப் பையன். சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கொலை நடந்த அன்றே அந்த அம்மாவின் நகைகளோடு ஓடிவிட்டான். சில நாள் கழித்து மாத்தறைப் பக்கம் பிடிபட்டபோது உடம்பில் கீறல் காயங்கள் இருந்தன. அவன் சொன்ன கதை இது: மாடிப் படுக்கையறையில் ஐயாதான் கொன்றார், என்னைக் கூட உதவிக்குக் கூப்பிட்டார், இரண்டு பேருமாகத் தூக்கிவந்து கராஜில் போட்டோம், நகை எனக்குக் கிடைத்த கூலி. அரசுத் தரப்பு அவனுக்கு நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுத்து, சதாசிவத்துக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் ஏற்றியது.

வழக்கு முழுக்க இரண்டு விஷயத்தில் தொங்கியது. ஒன்று நேரம். சதாசிவம் டாக்சி பிடித்து வீட்டைவிட்டுக் கிளம்பியது ஏறக்குறைய 10.30 மணிக்கு. அந்த அம்மா இறந்தது அதற்கு முன்பா, பின்பா? பிணத்தின் சூடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் நேரம் கணிக்கணும். சிறையில் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல் எப்படி ஆறுகிறது என்பதைக்கூட அளந்து பார்த்தவர் பேராசிரியர் டி சேரம். (படிக்கும்போதே முதுகு சில்லிட்டது.) எதிர்த்தரப்பு வக்கீல் கொல்வின் ஆர். டி சில்வா, எடின்பரோவிலிருந்து சர் சிட்னி ஸ்மித்தையே வரவழைத்தார். சூட்டை வைத்து இவ்வளவு நறுக்காக நேரம் சொல்ல முடியாது, 10.30க்குப் பிறகும் இறந்திருக்கலாம் என்பது ஸ்மித்தின் வாதம்.

இன்னொன்று உள்ளங்கால். அந்த அம்மாவின் பாதங்களில் அழுக்கு படிந்திருந்தது. மாடியில் கொன்று தூக்கிவந்திருந்தால் அது எங்கிருந்து ஒட்டும்? சமையலறையில் வெறுங்காலோடு நடந்தவரின் பாதம் அது, கொலை நடந்ததும் அங்கேதான் என்றார் ஸ்மித். வில்லியம் சொன்ன படுக்கையறைக் கதை இங்கேதான் ஆட்டம் கண்டது. சதாசிவம் எப்படிப்பட்டவர் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, இறந்தவரின் காலைப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கு.

விசாரணை 57 நாள் நடந்தது. 1953 ஜூன் 25ஆம் தேதி ஜூரி 64 நிமிஷத்தில் திரும்பி வந்து, குற்றவாளி இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. அதற்குள் இருபது மாதம் சிறையில் கழித்திருந்தார் மனுஷன். தீர்ப்பு மாறியிருந்தால் தூக்குதான்.

என்னைக் கேட்டால் ஜூரி செய்தது சரி. சதாசிவம் நல்ல கணவர் என்பதற்காக இல்லை, அப்படி யாரும் சொல்லவும் இல்லை. காரணம் இருந்தது என்பது, செய்திருக்கக்கூடியவர் யார் என்று காட்டுமே ஒழிய, செய்தவர் யார் என்று காட்டாது. நகையோடு ஓடியவன், உடம்பில் கீறலோடு பிடிபட்டவன், மன்னிப்புக்காகப் பேசுகிறவன். இவன் ஒருத்தன் வாயை நம்பி இன்னொருவன் கழுத்தில் கயிறு மாட்டலாமா? கூட்டாளியின் சாட்சியத்துக்கு வேறு ஆதாரம் வேணும் என்று எச்சரிக்கும் விதி நம்ம நாட்டின் 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்தது. இலங்கைச் சட்டமும் அதைப் பார்த்து எழுதியதுதான். 1984இல் சரத் சார்தா வழக்கில், மனைவியைச் சயனைடு கொடுத்துக் கொன்றதாகத் தூக்குத்தண்டனை பெற்றிருந்த கணவரை நம்ம உச்ச நீதிமன்றம் விடுவித்ததும் இந்த மாதிரி யோசனையில்தான். சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது ஆதாரத்தின் இடத்துக்கு வர முடியாது என்றது கோர்ட்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சதாசிவத்துக்கு டி சில்வா இருந்தார், கடல் கடந்து வர ஸ்மித் இருந்தார். குன்னம் பக்கம் கல் உடைக்கிற ஒரு ஆளுக்கு இதே சந்தேகம் வந்தால் அந்த உள்ளங்காலை யார் பார்ப்பார்கள்?

சதாசிவம் பிறகு சிங்கப்பூர், மலாயா அணிகளுக்குக் கேப்டனாக ஆடி, 1977இல் இறந்தார். வில்லியம் தண்டிக்கப்படவில்லை. அந்த அம்மாவின் கொலைக்கு இன்றுவரை யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை.