நூறு ஆம்ப் வீடு

ஏற்காட்டில் எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது. கொக்கி கூட விடவில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அது எதற்கு என்பார் அப்பா. அவர் வயர்மேன். சேர்வராயன் மலையில் பல எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வயரிங் செய்தவர். புது வேலைக்குப் போனால் முதலில் சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் கணக்குப் போடுவார். லைட்டுக்கு 60 வாட், சின்ன பிளக்குக்கு 100, பவர் பிளக்குக்கு 1,000. லைட் சர்க்யூட் என்றால் 10 பாயிண்ட், 800 வாட், அதோடு சரி.

காபிப் பழம் எடுக்கும் டிசம்பர், ஜனவரியில் அந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஷெட்டில் பழத்தோல் உரிக்கும் பல்பர் மோட்டாரைப் போட்டதும் எங்கள் வீட்டுப் பல்பு மங்கும். மோட்டார் வேகம் பிடித்ததும் பழையபடி எழும்பும். ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் என்று அந்த மங்கலைக் காட்டித்தான் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு கீசர் வந்தது. 3 கிலோவாட், 230 வோல்ட்டில் 13 ஆம்ப். அது ஒன்றே ஐம்பது பல்புக்குச் சமம். பக்கத்து வீட்டில் அடிக்கடி ஃபியூஸ் போக, யாரோ கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டார்கள். அப்பா ஒயரை உருவிக் காட்டினார். மேலுறை கருகி, தொட்டதும் உதிர்ந்தது. "ஃபியூசு கீசருக்காக இல்ல கண்ணு. சுவத்துக்குள்ள போற ஒயருக்காக."

இப்போது டொரண்டோ பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுப் பேனல் 100 ஆம்ப். 240 வோல்ட்டில் 24,000 வாட். மின்சாரக் கார் வாங்கியதும் சார்ஜர் வைக்க ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர். "முதல்ல லோட் பாப்பம் தங்கச்சி" என்று சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தார்.

பல்பையோ பிளக்கையோ அவர் எண்ணவில்லை. வீட்டை அளந்தார். கனடா மின்விதிப்படி முதல் 90 சதுர மீட்டருக்கு 5,000 வாட், அடுத்த 90க்கு 1,000. பேஸ்மென்டில் முக்கால் பங்கு பரப்புதான் கணக்கு. எங்களுக்கு 6,000 வந்தது. மின் அடுப்புக்கு 6,000. ஏசிக்கு 3,500, முழுசாக. துணி உலர்த்தும் மெஷின் 5,000 வாட். அதில் கால் பங்கு, 1,250. கார் சார்ஜர் 32 ஆம்ப், 7,680 வாட். மணிக்கணக்கில் ஓடுவதால் அதற்குத் தள்ளுபடி இல்லை. கூட்டினால் 24,430. 430 வாட் அதிகம்.

பேனலை 200 ஆம்புக்கு மாற்றலாம், பெரிய செலவு. 24 ஆம்ப் சார்ஜர் போட்டால் மொத்தம் 22,510, அடங்கிவிடும். இல்லையென்றால் வீட்டு லோடைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஏறும்போது காரை நிறுத்திவைக்கும் கருவி இருக்கிறது என்றார். எனக்கு அம்மாவின் குரல் கேட்டது: "அயர்ன் பாக்ஸ் போடப்போறேன், கீசர நிறுத்து!" எங்கள் வீட்டில் அந்தக் கருவி அம்மாதான். நாங்கள் 24 ஆம்ப் சார்ஜரே போட்டுக்கொண்டோம்.

அந்தக் கால் பங்கு என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு குடும்பம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாது என்ற நம்பிக்கையில் நிற்கிற எண் அது. ஏற்காட்டில் இன்று அந்த நம்பிக்கை செல்லாது. பல வீடுகள் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. ஆறு ரூம், ஆறு கீசர், காலை ஏழு மணிக்கு ஆறு குளியல்: 18 கிலோவாட். பழைய குடும்பக் கணக்கில் போட்ட ஒயரில் அதை ஓட்டுவது ஆபத்து. அப்பா வேலையை விட்டுவிட்டார். ஆனால் அப்படி யாராவது வீட்டை மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நடந்தே போய் மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறார்.

போனில் எங்கள் வீட்டுக் கணக்கை வரிவரியாகப் படித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "துணி மெஷினுக்குக் கால் பங்குதானா?" என்றார். "வீட்டுக்கு ஆளுங்க வந்து தங்கிட்டா?"

பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தினர் இருக்கும்போதே அடுப்பு, மெஷின், கார் மூன்றையும் சேர்த்துப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பேனல் மூடியில் கை வைத்தேன். சூடு இல்லை. அங்கே இரவு பத்தரை ஆகியிருந்தும் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.