பைலகுப்பேயின் பிள்ளைகளும் நம்முடைய பிள்ளைகளும்



"உன் சொந்த ஊர் எது?" என்று உங்கள் பிள்ளையிடம் என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? மைசூரிலும் பெங்களூரிலும் பிறந்து வளர்ந்த நம்முடைய பிள்ளைகள் பெரும்பாலும் தாங்கள் குடியிருக்கும் லேஅவுட்டின் பெயரைச் சொல்லுவார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் தகப்பனுடைய ஊர் எந்தத் தாலுகாவில் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஓடும் ஆறு எது, பாட்டன் எதற்காக அந்த ஊரை விட்டுப் புறப்பட்டார் என்று கேட்டால் அநேக வீடுகளில் மௌனமே பதிலாயிருக்கும். என்னுடைய வீடும் அந்த வீடுகளில் ஒன்றாகவே இருந்தது. அதை நான் உணர்ந்துகொண்டது ஒரு பிரயாணத்தில். அந்தப் பிரயாணத்தைப் பற்றியே இம்மாதம் உங்களுக்கு எழுதுகிறேன்.

மைசூரிலிருந்து மடிக்கேரி செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் சென்றால், காவிரியைக் கடந்து குஷால்நகருக்குள் நுழைவதற்குச் சற்று முன்பாகப் பைலகுப்பே வருகிறது. ஆற்றுக்கு அப்புறம் குடகு. இப்புறம் மைசூர் மாவட்டத்தின் பெரியபட்டணா தாலுகா. சபையின் சில குடும்பங்களோடு ஒரு சனிக்கிழமை காலை வேனில் புறப்பட்டோம். ஹுணசூரைத் தாண்டியதும் வழிநெடுகப் புகையிலைத் தோட்டங்களும், இலையைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உயரமான கொட்டகைகளும் தென்பட்டன. அதன்பின் திடீரென்று நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஐந்து வண்ணத் துணிக்கொடிகள் மரத்துக்கு மரம் கட்டப்பட்டுக் காற்றில் ஆடுகின்றன. பெயர்ப்பலகைகளில் கன்னடத்தோடு நாம் அறியாத ஓர் எழுத்தும் சேர்ந்துகொள்கிறது. திபெத்தியரின் குடியிருப்புக்குள் வந்துவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

காட்டைத் திருத்திய கதை

1959-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தலாய் லாமா லாசாவை விட்டு இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தார். அவரைப் பின்தொடர்ந்து பல்லாயிரம் பேர் பனிமலைகளைக் கடந்து வந்தார்கள். அவர்களில் அநேகருக்கு வட இந்திய மலைப்பகுதிகளில் சாலை போடும் கூலிவேலையே முதலில் கிடைத்தது. இவர்களை எங்கே குடியமர்த்துவது என்ற கேள்வி எழுந்தபோது, அன்றைய மைசூர் மாநில அரசு ஏறக்குறைய 3,000 ஏக்கர் காட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்க முன்வந்தது. 1960-61-இல் முதல் குழுவினர் இங்கே வந்து கூடாரம் அடித்தார்கள். சுமார் 3,000 பேருக்கு 3,000 ஏக்கர். அதாவது ஆளுக்கு ஓர் ஏக்கர் என்ற கணக்கு. அந்தக் குடியிருப்புக்கு லுக்சுங் சம்துப்லிங் என்று பெயர். 1969-இல் அதன் அருகிலேயே டிக்கி லார்சோ என்ற இரண்டாவது குடியிருப்பும் எழும்பிற்று.

குளிர்தேசத்து ஜனங்களுக்கு இந்த வெப்பம் புதிது; நோய்களும் புதியவை. வெட்டித் திருத்திய நிலத்துக்கு இரவில் யானைகள் வந்தன. அவர்களுடைய நாட்டு ஆகாரமாகிய வாற்கோதுமை இந்த மண்ணுக்கு ஒவ்வாததால் மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொண்டார்கள். விளைந்ததை விற்கக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. கம்பளம் நெய்யும் கூடம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் என்று ஒவ்வொன்றாக வந்தன. இன்று தென்னிந்தியக் கிராமங்களில் பெண்களின் சுயஉதவிக் குழுக்களோடு சேர்த்துப் பேசப்படும் மைராடா என்ற தொண்டு நிறுவனத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது 1968-இல் தொடங்கப்பட்டதே இந்தத் திபெத்தியரைக் குடியமர்த்தும் பணிக்காகத்தான்.

கர்நாடகத்தில் இத்தகைய குடியிருப்புகள் ஐந்து உள்ளன. பைலகுப்பேயில் இரண்டு, ஹுணசூர் அருகே ஒன்று, வடகன்னட மாவட்டத்து முண்டகோட்டில் ஒன்று, நம் சத்தியமங்கலம் மலைக்கு அப்புறத்திலுள்ள கொள்ளேகால் பக்கத்து ஒடெயரபாளையாவில் ஒன்று. காட்டை வெட்டிக் குடியேறிய கதை தமிழருக்கும் அந்நியமானதன்று. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் இதே மாநிலத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களில்தான் குடியமர்த்தப்பட்டார்கள்.

எண்களால் அழைக்கப்படும் ஊர்கள்

இங்கே தெருக்களுக்குப் பெயர் கேட்டால் "முதல் கேம்ப்", "நாலாம் கேம்ப்" என்றுதான் வழி சொல்லுகிறார்கள். கூடாரங்கள் போய்க் கல்வீடுகள் வந்த பின்னும் முகாம் என்ற சொல் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு தலைவர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் குடியிருப்பு அலுவலகம் உண்டு. நிலம் அரசாங்கத்தின் குத்தகை நிலமாகையால் யாரும் அதை விற்றுவிட்டுப் போகமுடியாது.

வெளியூரார் பெரும்பாலும் பார்க்க வருவது நாம்ட்ரோலிங் மடத்தை. 1963-இல் பெனோர் ரின்போச்சே தொடங்கிய அந்த மடத்தில், 1999-இல் திறக்கப்பட்ட பொற்கோயிலும் அதன் பெரிய சிலைகளும் சுற்றுலாக்காரரை இழுக்கின்றன. திபெத்தில் புகழ்பெற்றிருந்த செரா என்ற மடக்கல்லூரியும் இங்கே மறுபடியும் நிறுவப்பட்டு நடக்கிறது. அவர்களுடைய மார்க்கம் வேறு, நம்முடைய விசுவாசம் வேறு. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது கட்டடங்களைப் பற்றியதன்று. அங்குள்ள குடும்பங்களையும் பள்ளிக்கூடங்களையும் பற்றியது.

திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்ற பெயரில் இங்கே ஒரு பள்ளி இருக்கிறது. அதன் தாய்ப்பள்ளி இமயமலைப் பக்கத்துத் தர்மசாலாவில் உள்ளது. சாலை முகாம்களிலிருந்து நோயோடும் பசியோடும் கொண்டுவரப்பட்ட 51 குழந்தைகள் 1960 மே 17 அன்று அங்கே வந்து சேர்ந்ததிலிருந்து அதன் சரித்திரம் ஆரம்பமாகிறது. தலாய் லாமாவின் மூத்த சகோதரி அவர்களைப் பராமரித்தார். 1964-இல் அவர் மரித்தபின் இளைய சகோதரி ஜெட்சுன் பேமா அந்தப் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டுகள் நடத்தினார். அங்கே பிள்ளைகள் பெரிய விடுதிக் கூடத்தில் வளர்வதில்லை. வீடு வீடாகப் பிரிந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வீட்டுத்தாயின் பராமரிப்பில் வளருகிறார்கள். பெரியவன் சிறியவனுக்குச் சட்டை மாட்டிவிடுகிறான். சமையலிலும் துப்புரவிலும் எல்லோருக்கும் பங்குண்டு. தொடக்க வகுப்புகளில் தாய்மொழியிலேயே பாடம் கற்பிக்கிறார்கள்.

அவர்களுடைய எழுத்துக்கும் நம்முடைய எழுத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது. இரண்டும் பழைய பிராமியின் வழியில் பிறந்தவை. திபெத்திய மொழியில் அடிப்படை மெய்யெழுத்துக்கள் 30. தமிழில் உயிர் 12, மெய் 18. முதலெழுத்துக்கள் அதே 30. அந்த மொழியில் முழு வேதாகமமும் உண்டு. அதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் லடாக்கின் லே நகரத்து விசுவாசி யோசேப் கெர்கன். பல்லாண்டு உழைப்பின் பலனான அந்நூல் 1948-இல் லாகூரில் வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை.

ஸ்வெட்டர் விற்ற தாயார்

மதிய வேளையில் ஒரு சிறிய உணவுக்கடையில் நூடுல்ஸ் போட்ட சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, கடையின் மூலையில் அமர்ந்திருந்த அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாயார், "வாங்க ஐயா, எந்த ஊரு?" என்று தமிழிலேயே விசாரித்தார். எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. குளிர்காலம் வந்தால் நம்முடைய பட்டணங்களின் நடைபாதைகளில் ஸ்வெட்டர்க் கடை போடும் திபெத்தியரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லூதியானாவில் சரக்கெடுத்து நாடெங்கும் கொண்டுபோய் விற்பது அவர்களுக்கு விவசாயத்துக்கு அடுத்த பிழைப்பு. அப்படித் திருச்சியில் பல குளிர்காலங்கள் கடை போட்டவர் அவர்.

"நீங்கள் திபெத்தில் எந்த ஊர் அம்மா?" என்று கேட்டேன். காம் மாகாணத்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தின் பெயரைச் சொன்னார். வீட்டுக்கு முன்னே நின்ற மரம், ஆற்றைக் கடக்கும் கயிற்றுப் பாலம், வாற்கோதுமை அறுக்கும் மாதம் எல்லாவற்றையும் கண்முன் நிறுத்தினார். "எத்தனை வயதில் அங்கிருந்து வந்தீர்கள்?" என்றேன். அவர் சிரித்தார். "நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை ஐயா. இங்கே கூடாரத்தில் பிறந்தேன். அம்மா தினமும் ராத்திரி கேள்வி கேட்பார்கள். பதில் சொன்னால்தான் தூங்க விடுவார்கள்" என்றார்.

அதன்பின் அவர் முகம் வாடிற்று. மகனும் மருமகளும் கனடாவில் இருக்கிறார்களாம். பேத்தி தொலைபேசியில் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாளாம். "வாரத்துக்கு மூணு கேள்வி கேட்கிறேன். அவளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். எத்தனை நாளைக்கோ தெரியாது" என்று சொல்லி எழுந்து போனார். அவருடைய துயரம் அவர் ஒருவருக்கு மாத்திரம் உரியதன்று. 2009-இல் திபெத்திய நிர்வாகம் எடுத்த கணக்கில் இந்தியாவில் ஏறக்குறைய 94,000 திபெத்தியர் இருந்தார்கள். அதற்குப் பின் வாலிபர்கள் மேலைநாடுகளுக்குப் போய்க்கொண்டேயிருக்க, அந்தத் தொகை குறைந்து வருகிறது. காட்டையும் யானையையும் வென்ற குடியிருப்பு, விமான நிலையத்தின் முன் நின்று திகைக்கிறது.

அஞ்சலட்டைக் கட்டு

வாசகரே, அந்தக் கடையில் என் உள்ளம் குத்தப்பட்டதற்குக் காரணம் உண்டு. என் தகப்பனார் சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். ஒவ்வொரு மாதமும் என் மகளுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவார். அவளுக்குத் தமிழ் பேசவரும்; வாசிக்க வராது. நானே அவசர அவசரமாக வாசித்து, "தாத்தா சுகமாக இருக்கிறார்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவேன். ஊழியத்தின் வேலைகள் எனக்குச் சாக்காயிருந்தன. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் அந்த அட்டைகளைக் கட்டி அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் எனக்கு எழுதினது. எனக்கே தெரியலையே" என்றாள். அந்த வார்த்தைக்கு என்னிடத்தில் பதில் இல்லை. தன் ஊரை ஒருநாளும் கண்டிராத அந்தத் தாயாருக்கு ஊர் முழுவதும் தெரிந்திருந்தது. கோடை விடுமுறைதோறும் தாத்தா வீட்டுக்குப் போய்வந்த என் மகளுக்குத் தாத்தாவின் எழுத்துத் தெரியவில்லை. குற்றம் அவளுடையதன்று.

யோர்தானைக் கடந்த யோசுவா பன்னிரண்டு கற்களை எடுத்து நிறுத்தியதன் நோக்கம் நீங்கள் அறிந்ததே. பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள். அப்பொழுது பெற்றோர் சொல்லவேண்டும். நாமோ பிள்ளைகள் கேட்கும்படி ஒரு கல்லையும் நம் வீடுகளில் நிறுத்தி வைக்கவில்லை.

அதேவேளையில் இன்னொன்றையும் கவனியுங்கள். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தில், போன இடத்திலே வீடுகட்டி, தோட்டம் நாட்டி, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி சொல்லியிருக்கிறது. பைலகுப்பேயின் கடைவீதியில் திபெத்தியர் பக்கத்து ஊர் விவசாயிகளோடு தாராளமாகக் கன்னடம் பேசுவதைக் கேட்டோம். சொந்த ஊரை நினைப்பது, இருக்கும் ஊரை வெறுப்பதாகிவிடக்கூடாது. 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாட்டை நம்மில் மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதனாலேயே நம் பிள்ளைகள் இரு கரைகளையும் அறிந்தவர்களாய் வளரவேண்டும்.

வீட்டில் ஒரு மணிநேரம்

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணிநேரம் ஒதுக்கிப் பாருங்கள். பிள்ளைகளிடம் எளிய கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்.

நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் எப்பொழுது வழங்கிற்று? 1969 ஜனவரி 14-இல். மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது எப்பொழுது? 1973 நவம்பர் 1-இல். காவிரி எங்கே பிறந்து எங்கே கடலில் சேருகிறது? குடகின் தலைக்காவிரியில் பிறந்து, பூம்புகாரில் சேருகிறது. தமிழில் புதிய ஏற்பாடு முதலில் அச்சான ஊர் எது? தரங்கம்பாடி, சீகன்பால்குவின் உழைப்பால் 1715-இல் நிறைவேறிற்று. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் எந்தக் கிராமத்தில் ஊழியம் செய்தார்? இடையன்குடியில். கன்னடத்துக்கு 1894-இல் பேரகராதி தந்த ஊழியர் யார்? கிட்டல்.

இவற்றுக்குப் புத்தகத்தில் பதில் கிடைத்துவிடும். அடுத்த கேள்விகளுக்கு உங்களிடத்தில் மாத்திரமே பதில் உண்டு. தாத்தாவின் தகப்பனார் பெயர் என்ன? அவர் செய்த தொழில் என்ன? நம் குடும்பம் ஏன் ஊரை விட்டுப் புறப்பட்டது? எந்த ஆண்டு, யார் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பட்டணத்தில் வந்து இறங்கினோம்? முதன்முதல் நமக்கு வாடகைக்கு வீடு தந்த கன்னடக் குடும்பம் எது? இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராய்க் கடந்துபோகிறார்கள் என்பதை மறவாதிருங்கள்.

என் மகள் இப்பொழுது ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். ஓர் அட்டைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. நான் உதவிக்குப் போனால், "வேண்டாம் அப்பா, நானே படிக்கிறேன்" என்கிறாள். மூன்றாவது அட்டையில் தாத்தா தம் கிணற்றில் தண்ணீர் ஊறியதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கிணறு எங்கே இருந்தது என்று நேற்று இரவு என்னைக் கேட்டாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினேன்.