தலைநகராக இருந்த சின்னப் பட்டணம்



பள்ளி விடுமுறை விட்டால் போதும், நாடே நம் மலைக்கு ஏறி வந்துவிடுகிறது. தானா ராத்தா கடைத்தெருவில் நடக்க இடமில்லை. கடைக்குப் போய் ஒரு கட்டுக் கீரையும் அரைக் கிலோ பருப்பும் வாங்கி வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. வருகிறவர்கள் தேயிலைச் சரிவில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். நம் லயத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, “எவ்வளவு அமைதியான இடம்! நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுகிறார்கள்.

சரி, நமக்கு விடுமுறை என்றால் நாம் எங்கே போகிறோம்? கோலாலம்பூரில் அண்ணன் வீடு, ஈப்போவில் நாத்தனார் வீடு, தைப்பூசத்துக்குப் பத்துமலை அல்லது பினாங்கு. இவற்றை விட்டால் வேறு ஊர் நம் நினைவுக்கு வருவதில்லை. சென்ற விடுமுறையில் நாங்கள் கோலா லிப்பிஸ் போய் இரண்டு நாள் தங்கி வந்தோம் என்று பள்ளியில் சொன்னபோது, உடன் வேலை செய்யும் ஆசிரியை வியந்து போனார். “அங்கே என்ன டீச்சர் இருக்கிறது?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், லிப்பிஸ் நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1982-ஆம் ஆண்டில் கேமரன் மலை தனி மாவட்டமாக ஆகும்வரை, நம் மலை முழுவதும் லிப்பிஸ் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலர், சட்டப்படி பார்த்தால், லிப்பிஸ் மாவட்டத்தில் பிறந்தவர்கள்தாம்! அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1898 முதல் 1955 வரை பகாங் மாநிலத்துக்கே தலைநகராக இருந்தது இந்தக் கோலா லிப்பிஸ்தான். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டேன் என்கிறார்கள். “குவாந்தான்தானே டீச்சர் தலைநகர்?” என்று திருத்துகிறார்கள்.

தலைநகர் ஏன் அங்கே போயிற்று என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களையும் வெள்ளைக்காரர்கள் ஒரே கூட்டாகச் சேர்த்துக் கோலாலம்பூரைத் தலைமையிடம் ஆக்கினார்கள். பகாங்கின் ஆட்சி அப்போது கிழக்குக் கடற்கரையில் உள்ள பெக்கானில் நடந்து வந்தது. கோலாலம்பூருக்கு அது எட்டாத தூரம். உள்நாட்டிலோ ரவூப், பெஞ்சோம் போன்ற இடங்களில் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. ஆகவே தங்கத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருந்த லிப்பிஸுக்கு அலுவலகங்களை மாற்றிவிட்டார்கள். ‘கோலா’ என்றால் ஆறுகள் கூடும் இடம். லிப்பிஸ் ஆறு ஜெலாய் ஆற்றோடு கலக்கும் இடத்தில்தான் இந்த ஊர் இருக்கிறது.

அந்த ஜெலாய் ஆற்றுக்கும் நமக்கும் உறவு உண்டு, வாசகர்களே. தானா ராத்தா வழியாக ஓடுகிற நம் பெர்த்தாம் ஆறு தெலோம் ஆற்றில் சேருகிறது. தெலோம் ஜெலாயில் சேருகிறது. ஜெலாய் பிறகு தெம்பெலிங் ஆற்றோடு கூடிப் பகாங் ஆறாகி, பெக்கான் அருகே கடலில் விழுகிறது. 1963 முதல் நம் ஆற்று நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்து பேராக் பக்கம் மின்சாரத்துக்காகத் திருப்பிவிடுகிறார்கள். எஞ்சியது இன்றும் லிப்பிஸ் பக்கம்தான் இறங்கிப் போகிறது.

தண்ணீருக்கு வழி இருந்தது, மனிதருக்குத்தான் இல்லை. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயானுக்குச் சாலை போடுவதற்கு முன்பு, நாம் நம் சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் தாப்பாவுக்கு இறங்கி, தஞ்சோங் மாலிம், கோலா குபு பாரு என்று பேராக்கையும் சிலாங்கூரையும் சுற்றி, மீண்டும் மலை ஏறி ரவூப்புக்கு இறங்கி, அங்கிருந்து போக வேண்டும். இரண்டு மாநிலம் கடந்து சொந்த மாநிலத்துக்குள் நுழைவது! இன்று அந்தச் சிரமம் இல்லை.

நாங்கள் காலையில் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நானும் என் வீட்டுக்காரரும், படிவம் மூன்று படிக்கும் மகளும், ஆரம்பப் பள்ளியில் இருக்கும் மகனும். ரிங்லெட்டைத் தாண்டியதும் காய்கறிக் கூடாரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து காடு தொடங்குகிறது. வளைவுகள் நிறைய; தலைசுற்றல் உள்ளவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டு போவது நல்லது. வழியில் ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்புகள் வருகின்றன. கீழே இறங்க இறங்க வெப்பம் ஏறுகிறது. போட்டிருந்த கம்பளிச் சட்டையைப் பிள்ளைகள் கழற்றிப் பின்னால் எறிந்துவிட்டார்கள். பிறகு செம்பனை, கித்தா மரங்கள், சுங்கை கோயான் நிலக்குடியேற்றம். மதியத்துக்குள் லிப்பிஸ் போய்ச் சேர்ந்தோம்.

ஊரைப் பார்த்ததும் மகன் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, எல்லாரும் எங்கே?” என்பதுதான். நம் கடைத்தெரு கூட்டத்தையே பார்த்துப் பழகியவன் அல்லவா? பழைய கடைத்தெருவில் இரண்டு பக்கமும் சீனர்களின் பழங்காலக் கடைவீடுகள். சில திறந்திருந்தன, சில பூட்டிக் கிடந்தன. காப்பிக் கடையில் பெரியவர்கள் சிலர் அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைகளுக்குப் பின்னால் ஜெலாய் ஆறு காவி நிறத்தில் ஓடுகிறது. யாரும் எங்களைக் கூவி அழைத்து எதையும் விற்கவில்லை. புதிய கடைகளும் வீடுகளும் ஊரின் மறுபக்கம் வளர்ந்திருக்கின்றன. ஆனால் பழைய ஊர் தன் பாட்டில் இருக்கிறது.

குன்றுகளின்மேல் பழைய அரசாங்கக் கட்டடங்களைப் பார்த்தோம். வெள்ளைக்கார அதிகாரிகள் கூடிப் பொழுதுபோக்கிய பகாங் கிளப் என்னும் மரக்கட்டடம், ரெசிடெண்ட் துரை இருந்த மாளிகை, பெரிய அலுவலகம். 1896 முதல் சில ஆண்டுகள் பகாங்கின் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ கிளிஃபோர்ட். மலாய் நாட்டைப் பற்றிக் கதைகளும் நூல்களும் எழுதியவர். அவர் பெயரைத் தாங்கிய கிளிஃபோர்ட் பள்ளி 1913-இல் தொடங்கியது. இன்றும் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். நாடறிந்த பாடகி சித்தி நூர்ஹாலிசா இந்த ஊரில் வளர்ந்து, அந்தப் பள்ளியில் படித்தவர் என்றதும் என் மகள் வாசலில் நின்று படம் எடுக்கச் சொன்னாள்.

மாலையில் ரயில் நிலையத்துக்குப் போனோம். மலை மேலே பிறந்த என் பிள்ளைகள் ரயிலை இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. அங்கே பெஞ்சியில் ஒரு தமிழ்ப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

“எங்கேருந்து வர்றீங்கம்மா?”

“கேமரன் மலையிலிருந்துங்க ஐயா. தோட்டப் பள்ளியில் வேலை செய்கிறேன்.”

“அடடே, டீச்சரம்மாவா! மலையிலேருந்து இந்த ஊரைப் பார்க்க வந்தீங்களா? இங்கேருந்துதான் எல்லாரும் மலையைப் பார்க்கப் போவாங்க” என்று சிரித்தார்.

தாமும் தம் தகப்பனாரும் ரயில் பாதையில் வேலை செய்தவர்கள் என்றார். தகப்பனார் சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவராம். சயாம் மரண ரயிலைப் பற்றி நம் தோட்டங்களில் தெரியாதவர் இல்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். திரும்பாதவர் எத்தனையோ பேர். ஆனால் பெரியவர் சொன்ன இன்னொன்றைப் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பாதைக்கு ஆள் மட்டும் போகவில்லை, தண்டவாளமும் போயிற்று. இந்தக் கிழக்குக்கரைப் பாதையின் ஒரு பெரும் பகுதியைப் பெயர்த்தெடுத்து அங்கே கொண்டு போனார்கள். போர் முடிந்த பிறகே மறுபடியும் போட்டார்கள்.

“எங்கப்பா அங்கே போட்ட தண்டவாளம் இங்கேருந்து போனதா இருக்கும்னு சொல்லுவாரு. வந்து மறுபடியும் இங்கே போட்டாரு” என்றார் பெரியவர். என் மகள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரலாற்றுப் பாடம் நடத்தி இருபது ஆண்டு ஆகிறது எனக்கு. அந்தப் பார்வையை என் வகுப்பில் நான் கண்டதில்லை.

“ஊர் ரொம்ப அமைதியாக இருக்கிறதுங்க ஐயா. எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உங்களுக்கு அமைதிம்மா. எங்களுக்கு ஆள் இல்லை. என் பிள்ளைங்க மூணு பேரும் கோலாலம்பூர்லதான்” என்றார்.

வாசகர்களே, நம் லயத்தைப் பார்த்து ‘அமைதியான இடம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்கு எப்போதும் சிறு கோபம் உண்டு. கொழுந்துக் கூடையின் பாரம் அவர்களுக்குத் தெரியாது. பனியில் விடியுமுன் எழுந்திருப்பது தெரியாது. லயத்தில் பாதி வீடு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. வேறோர் ஊருக்கு விருந்தாளியாகப் போனபோது என் வாயிலும் அதே சொல்தான் வந்தது. அமைதி என்பது வந்து போகிறவருக்கு இளைப்பாறல். இருப்பவருக்கு அது பிள்ளைகள் இல்லாத வீடு.

அன்றிரவு தங்கும் விடுதியில் மகள் கேட்டாள்: “அம்மா, தலைநகர் போனதும் ஊரும் போயிடுமா? நம்ம தோட்டமும் ஒரு நாள் இப்படித்தான் ஆகுமா?”

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள். இவ்வாண்டு ஏழு பேர். கொழுந்து பறிக்க இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. நம் பிள்ளைகள் படித்துப் பட்டணத்துக்குப் போகிறார்கள். போகக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. போவதற்காகத்தானே படிக்க வைக்கிறோம்? எங்கள் வீட்டிலும், மகள் படிவம் நான்குக்கு ஈப்போ போவதா, இங்கேயே இருப்பதா என்ற பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். “தலைநகர் போய் எழுபது வருஷம் ஆச்சு. பள்ளிக்கூடத்துலே மணி அடிக்குது, ரயில் வருது, கடை திறக்குது. இருக்கிறவங்க விடாம வச்சிருக்காங்க. அதனால்தான் ஊர் இருக்கு” என்றார். அவர் அதிகம் படிக்காதவர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஆனால் நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

அரசாங்கம் கொடுக்கும் பட்டத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டு போகும். 1898-இல் பெக்கானிலிருந்து எடுத்து லிப்பிஸுக்குக் கொடுத்தார்கள். 1955-இல் லிப்பிஸிலிருந்து எடுத்துக் குவாந்தானுக்குக் கொடுத்தார்கள். ஊர் மக்கள் நாள்தோறும் பயன்படுத்துவதை எடுத்துக்கொண்டு போவது எளிதல்ல. நம் தோட்டத்தில் அப்படி நம் கையில் இருப்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள்: கோயில், பள்ளி, ஒரு வாசகசாலை. பிள்ளை வேலைக்குப் பட்டணம் போகட்டும். ஆனால் முதலாம் ஆண்டில் அவன் பெயரைத் தோட்டப் பள்ளியில் பதியுங்கள். திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். வந்தால் பேரப்பிள்ளைகளைத் தேயிலைச் சரிவில் நிறுத்திப் படம் எடுப்பதோடு விடாமல், தாத்தா எந்த மலையில் வேலை செய்தார், பாட்டி எந்த லயத்தில் இருந்தார் என்று காட்டுங்கள்.

நீங்களும் ஒரு முறை லிப்பிஸ் போய் வாருங்கள். இரண்டு நாள் போதும். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரியலாம். விசாரித்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே பயணம் செய்யுங்கள். ஓரிரு நிலையமாவது பிள்ளைகளை ரயிலில் அழைத்துப் போங்கள். ரயில் நேரத்தை முன்கூட்டியே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வசதி உள்ளவர்கள் படகேறிக் கெனோங் காட்டுக் குகைகளையும் பார்க்கலாம். பழைய கடைத்தெருவில் ஒரு வேளையாவது பசியாறி, நாலு சாமான் வாங்குங்கள். அந்தக் கடைகளுக்கு அது உதவி. நிலையத்துப் பெஞ்சியில் பெரியவர் யாரேனும் உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுங்கள். பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள்.