பின்னச்சும் பற்கணக்கும்

செய்யுளுக்குச் சீர் பிரிக்குந் தொழிலினர் மோட்டார் வண்டியின் பின்னச்சுக்குப் பல் எண்ணப் புகுந்தது எவ்வாறு என அன்பர்கள் வினவக்கூடும். எம்மிடந் தமிழ் பயின்று பின்னர்க் கணக்காளராகிய பழைய மாணவர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையாரின் மொறிஸ் மைனர் வண்டியில் விசைமிக்க இயந்திரம் ஒன்றைப் பொருத்தினார். அதன்பின் அவ்வண்டிக்கு எந்தப் பின்னச்சு விகிதம் ஏற்றது என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அவ்வையம் தீருமட்டும் யாமும் உடனிருந்தோம். உடனிருந்து கண்டதைக் கல்லூரி மலரில் எழுதுவதில் தவறில்லை என்று கருதுகின்றோம்.

முதலில் விகிதம் என்பது யாதென ஒரு சொல். இயந்திரத்தின் சுழற்சி கியர்ப் பெட்டி வழியாக நீண்ட தண்டொன்றினால் வண்டியின் பின்புறத்துக்குச் செல்கின்றது. தண்டின் முடிவிலே பினியன் என்னுஞ் சிறு பற்சில்லும், அதனாற் சுழற்றப்படுங் கிறவுண் என்னும் பெரும் பற்சில்லும் உள்ளன. பெரியதன் பற்றொகையைச் சிறியதன் பற்றொகையால் வகுத்து வருவதே விகிதம். 41 பல்லும் 9 பல்லுமாயின் 4.55; அதாவது, தண்டு நாலரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழன்றாற் சில்லு ஒருமுறை சுழலும். எண் பெரிதானால் இழுவை மிகும், ஓட்டங் குறையும். எண் சிறிதானால் ஓட்டம் மிகும், இழுவை குறையும். இரண்டையும் ஒருங்கே தரும் எண் எந்தத் தொழிற்சாலையிலும் வார்க்கப்படுவதில்லை.

மொறிஸ் மைனரின் வரலாறே இதற்கு நல்ல உரையாசிரியன். 1952 இல் அவ்வண்டிக்கு 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் வந்தபோது அதன் வலு 30 பரிவலு மாத்திரமே. ஆகவே 37க்கு 7 என்ற பற்கணக்கில், ஏறத்தாழ 5.29 என்னும் பெரிய விகிதத்தைக் கொடுத்தார்கள். 1956 இல் 948 இயந்திரம் 37 பரிவலுவோடு வந்தது, விகிதம் 4.55 ஆயிற்று. 1962 இல் 1098 இயந்திரம் 48 பரிவலுவோடு வந்தது. விகிதம் 38க்கு 9, அதாவது 4.22 ஆயிற்று. வலு ஏற ஏற விகிதம் இறங்கி வந்துள்ளமையைக் காண்க. மைனரின் அடித்தளத்தின்மேல் எழுந்த ரைலி 1.5 என்னும் வண்டிக்கு அது 3.73 வரை இறங்கியது.

எம் மாணவர் பொருத்தியதோ எம்.ஜி. மிட்ஜெட் வகை வண்டிகளில் இருந்த 1275 இயந்திரம். ஏறத்தாழ 65 பரிவலு உடையது. முன்சில்லுகளுக்குத் தட்டுத் தடுப்பும் அமைத்திருந்தார். (ஓட்டத்தைக் கூட்டுவோர் நிறுத்தத்தை முதலிற் கூட்டுக என்பது எம் கருத்து.) இவ்வளவு செய்தபின் 3.73 பின்னச்சு ஒன்றைப் பெறுவதே அவருடைய விருப்பம். இங்கிலாந்தில் வதியும் பழைய மாணவ நண்பர் ஒருவர் தேடி அனுப்பவும் ஆயத்தமாயிருந்தார். ஆனால் அதற்குரிய விலையும் கப்பற்கூலியும் சேர்ந்தபோது, வீட்டுக் கூரை வேலையை ஓராண்டு பின்போட வேண்டியிருந்தது. அவ்வீட்டிலே தாயார் தனியே இருக்கின்றார். ஆகவே இது வெறும் பொழுதுபோக்கு வினாவன்று.

“சேர், கமாரோவுக்கே 3.73 தானே போட்டவங்கள்” என்றார் மாணவர். அமெரிக்காவின் 1969 ஆம் ஆண்டுக் கமாரோ இசட்-28 வண்டிக்கு 3.73 பின்னச்சு வழக்கமாக வந்தது மெய்யே. ஆயின் அந்த இயந்திரம் எட்டு உருளைகளுடன் ஏறத்தாழ ஐந்து இலீற்றர் கொள்ளளவு உடையது. அங்கே 3.73 என்பது சீறிப் பாய்வதற்கான விகிதம். கால் மைற் பந்தயத்தில் நாட்டங்கொண்டோர் அதனினும் மேலே 4.10 என்பதை நாடுவர். அதே எண் எம்மவரின் சிற்றியந்திரத்துக்கு வந்தால், நெடுஞ்சாலையில் அமைதியாகச் செல்வதற்கான விகிதமாகிவிடும். ஒரு சொல்லுக்கு இடம் நோக்கிப் பொருள் கொள்வதுபோலவே இவ்வெண்ணுக்கும், இயந்திரத்தையும் சில்லின் அளவையும் வண்டியின் பாரத்தையும் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

இந்நிலையில் வேறொரு சங்கதி தலைகாட்டியது. பரந்தன் நோக்கி ஒருநாட் செல்லுகையில், வேகமானியின் முள் 40 மைலிலே நின்றது; கைப்பேசியோ மணிக்கு 69 கிலோமீற்றர் என்றது. 40 மைல் என்பது 64 கிலோமீற்றரே. மைனரின் வேகமானி கியர்ப் பெட்டியிலிருந்து ஓடுவது. பின்னச்சில் நிகழும் மாற்றம் அதற்குத் தெரியாது. பெரிய ரயர் பூட்டினும் இவ்வேறுபாடு தோன்றும். ஆனால் ரயரோ பழைய அளவினது. அப்படியாயின், 4.55 என்று நூல் கூறும் அந்த அச்சினுள் இருப்பது யாது?

அச்சைக் கழற்றாமலே விகிதம் அறியும் வழி ஒன்றுண்டு; அதற்கு வேண்டியது வெண்கட்டி. ஆசிரியரிடம் அதற்கா பஞ்சம்! முன்சில்லுகளுக்கும் பின்னே இடச்சில்லுக்கும் கல் அணைகொடுத்து, வலச்சில்லை உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கி வைத்தோம். கியரை நடுநிலையில் விட்டுக் கைத்தடுப்பைத் தளர்த்தினோம். ஒரு சில்லு நிலையாக நிற்க மற்றையது சுழலும்போது, கிறவுண் அதன் பாதியளவே சுழலும். ஆதலின் சில்லை இருபது முறை சுற்றினாற் கிறவுண் பத்துமுறை சுற்றும். ரயரிலும் தண்டிலும் வெண்கட்டியாற் கோடிட்டு, யாம் சில்லைச் சுற்ற, மாணவர் கீழே படுத்துத் தண்டின் சுற்றுக்களை எண்ணினார். 4.55 ஆயின் 45 சுற்றுங் கடந்து அரை வரவேண்டும். வந்ததோ 42 சுற்றும் ஏறத்தாழக் காற்சுற்றும். ஐயந்தீர மீண்டும் எண்ணினோம், அதுவே வந்தது. உள்ளே இருப்பது 4.22.

மாணவர் தாமாக அதை மாற்றியதில்லை. திண்ணையில் இருந்து எம் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாயார் அப்போதுதான் வாய்திறந்தார். “பாதை திறந்த வருசம் அவர் கொழும்புக்குப் போட்டு வந்து, எஞ்சின் வழி முழுக்கக் கத்துது எண்டு சொல்லி மாத்தினவர். பழசு கொட்டிலுக்கை சாக்கிலை சுத்திக் கிடக்கும்.”

பாதை திறந்த வருடமாவது 2002. அதற்கு முந்திய காலத்தை எம்வயதினர் மறத்தல் இயலாது. 1990 இன் பின்னர்ப் பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டிற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய வண்டிகளைச் சில துளி பெற்றோலினால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினர். தெருவெங்கும் அப்புகை மணந்தது. மண்ணெண்ணெயில் இயந்திரத்தின் வலு குன்றிவிடும். அந்நாளில் இவ்வண்டி இராக்காலங்களில் நோயாளரை ஏற்றிச் சென்றதை ஊரார் இன்றும் சொல்வர். வலுக்குன்றிய இயந்திரத்தைக் கொண்டு, நால்வரை ஏற்றிய வண்டி குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் நகர்ந்தது 4.55 இன் இழுவையினால் என்பதில் எமக்கு ஐயமில்லை. பின் 2002 இல் ஏ-9 வீதி திறந்தது. நெடுந்தூரம் ஒரே வேகத்திற் செல்லும் வாய்ப்பு வந்தது. அப்போது அந்த இழுவையே இரைச்சலாயிற்று. கூட்டற் கணக்கெதுவும் எழுதிவைக்காத அம்மனிதர் காதினாலே கேட்டு முடிவு செய்திருக்கின்றார். 2006 இல் வீதி மீண்டும் அடைபட்டது. அவர் செய்த மாற்றம் மாத்திரம் அச்சினுள் இருந்தது.

சாக்கை அவிழ்த்தபோது கிறீசு பூசிய பழைய சோடி துருவின்றிக் கிடந்தது. பற்களை எண்ணினோம்: 41, 9. பற்களில் தேய்வு எங்கும் ஒரே சீராக இருந்தது. 41க்கும் 9க்கும் பொதுச் சினை இல்லை. ஆகவே பினியனின் ஒவ்வொரு பல்லும் கிறவுணின் ஒவ்வொரு பல்லையும் முறைவைத்துச் சந்திக்கின்றது. 38க்கு 9, 39க்கு 10, 41க்கு 11 என்பனவும் அத்தகையனவே. எண்ணிப் பார்த்து வியந்தோம். இச்சோடியைப் பிரித்து ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் பூட்டுதல் ஆகாது. ஒன்றோடொன்று அரைத்துப் பொருத்தப்பட்டவை. சோடி மாறினால் ஊளையிடும்.

இனி முடிவுக்கு வருவோம். சில்லின் ஒரு சுற்று ஏறத்தாழ 1.8 மீற்றர் எனக் கொண்டு கணக்கிட்டோம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில், மேற்கியரிலே 4.22க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,130 சுற்று, 3.9க்கு 2,890, 3.73க்கு 2,760. இது நெடுஞ்சாலைக்கு நன்று. ஆயின் முதற்கியரிலும் அதேயளவு இழுவை போய்விடுமே! 4.22 இலிருந்து 3.9க்குப் போனால் நூற்றுக்கு 8 பங்கு; 3.73க்குப் போனால் 12 பங்கு. குடாநாடு சமதரை; அங்கே இவ்விழப்பு தோன்றாது. மாணவரோ ஆண்டுக்கொருமுறை தாயாரை நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்பவர். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள அவ்வூர் வளைவுகளில், பொதியேற்றிய வண்டி நின்று புறப்படும்போது கிளச்சு எரியும். நாற்கியர் வண்டிக்கு ஒன்றே தெரிக என்றால் 3.9 என்போம் யாம்; மிட்ஜெட்டைச் செய்தோரும் 1960களின் பிற்பகுதியில் 1275 இயந்திரத்துக்கு 4.22 ஐ விட்டு அதனையே கொண்டனர். 3.73 எம் தெருக்களுக்கு மிகை.

கராஜ் வைத்திருக்கும் முதியவரிடம் இக்கணக்கைக் கொண்டு சென்றோம். பொறுமையாகப் பார்த்தார். “மாஸ்ரர், கணக்குச் சரி. ஆனால் அச்சை ஏன் தொடுறியள்? தொயோட்டாவின்ரை அஞ்சு கியர்ப் பெட்டி ஒண்டைப் போடுங்கோ” என்றார். ஐந்தாங் கியர் ஏறத்தாழ 0.86. 4.22 ஐ அதனாற் பெருக்கினால் 3.63, 80 கிலோமீற்றரில் 2,700க்குங் குறைந்த சுற்று. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய 3.73 ஐயும் விஞ்சிய அமைதி! கீழ்க்கியர்களிலோ 4.22 இன் இழுவை குறையாமல் நிற்கும். பழைய தொயோட்டாப் பெட்டி இந்நாட்டிற் கிடைப்பது. இடையே ஒரு பொருத்துத் தகடு கடைந்தெடுக்க வேண்டும், தண்டைக் குறுக்க வேண்டும். அவ்வளவுக்கும் ஆகுஞ் செலவு, கப்பற்கூலியோடு வரும் 3.73க்கு ஆவதிற் பாதிக்கு மேற் செல்லாது என்றார். கூரை வேலையும் நடந்தது.

தந்தையார் பூட்டிய 4.22 இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதன் எண்ணெயை மாத்திரம் மாற்றினார்கள். இவ்வகைப் பற்களுக்குரிய தடித்த ஹைப்பொயிட் எண்ணெயே வார்க்கப்படல் வேண்டும். இயந்திர எண்ணெயை வார்ப்பாரும் உளர், அது பற்களைத் தின்றுவிடும். வேகமானியைப் புதிய பெட்டிக்கு ஏற்பத் திருத்துவது இன்னும் எஞ்சியிருக்கின்றது. அதுவரை மாணவர் கைப்பேசியைப் பார்த்தே ஓட்டுகின்றார். தாயார் பின்னாசனத்திலிருந்து இயந்திரத்தின் ஒலியைக் கேட்டு வேகம் சொல்கின்றார்.